கழுத்தில் கட்டி, குரலில் கம்மல்: ஆடி போகட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்கிறார். கழுத்தில் 14 வருடமாகத் தைராய்டு கட்டி இருக்கிறது. வருடா வருடம் இரத்தம் பார்ப்போம், எப்போதும் நார்மல்தான். வலியும் இல்லாததால் விட்டுவிட்டோம். இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய சமயத்தில் குரல் கம்மியது. இப்போது பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. மருந்துக் கடையில் இரண்டு தடவை மாத்திரை வாங்கினோம். சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப்பால் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒரு இ.என்.டி. டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, இடது குரல்நாண் அசையவில்லை என்றார். ஸ்கேனில் இடது பக்கம் 5.8 செ.மீ. கட்டி. ஊசி குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். ஊசி குத்தினால் புற்றுநோயாக மாறிவிடும் என்கிறார் மாமா. ஆபரேஷன் செய்தால் குரலே போய்விடும் என்று தெருவில் பயமுறுத்துகிறார்கள். அம்மாவோ, "தடைக்காலம் முடிஞ்சு இப்பத்தான் மீன் வருது, ஆடி போகட்டும்" என்கிறார். ராத்திரியில் வலது கை விரல்கள் வேறு மரத்துப்போகின்றன. கட்டி நரம்பை அழுத்துகிறதா? புற்றுநோயா? குரல் திரும்புமா?

வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கட்டியின் அளவு இல்லை, தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வந்திருக்கும். ஆனாலும் அம்மாவின் வியாபாரம் படுத்துத்தான் இருந்திருக்கும். வருடத்திலேயே அவர் குறைவாகக் கூவிய மாதங்களில் போய்க் குரல் கம்மியிருக்கிறது. கூவிக் கூவித் தொண்டை கட்டியிருந்தால் அந்த ஓய்விலேயே தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. காற்று கலந்து, இப்போது தண்ணீரும் புரையேறுகிறது. இதை யாராவது நிதானமாக உட்கார்ந்து கேட்டிருந்தால், தொண்டைப் புண்ணுக்கு மாத்திரை கொடுத்திருக்க மாட்டார்கள். கழுத்தில் பழைய கட்டி உள்ளவருக்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் அது தொண்டைச் சமாசாரம் இல்லை, நரம்புச் சமாசாரம் என்று வைத்துக்கொண்டுதான் தேட ஆரம்பிக்க வேண்டும்.

ஆடி போகட்டும் என்பதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸ் பிடிக்கிற அவசரம் இல்லை. ஆனால் ஊசிப் பரிசோதனை இந்த வாரம், சி.டி. ஸ்கேன் அடுத்த வாரம், அப்புறம் அறுவை மருத்துவரைப் பார்ப்பது என்று நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

சரி, கழுத்தில் இருக்கும் கட்டி குரலை எப்படிப் பிடிக்கிறது? குரல்நாண்களை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகத் தொண்டைக்கு வருவதில்லை. கழுத்து வழியாக இறங்கி, குரல்வளையைத் தாண்டிப்போய், இடது பக்கத்தில் நெஞ்சுக்குள் நுழைந்து, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. புதுச்சேரியிலிருந்து வருகிறவர் திருப்பாதிரிப்புலியூரில் இறங்காமல் தூங்கிப்போய், சிதம்பரத்தில் விழித்து, வேறு பஸ் பிடித்துத் திரும்பி வருகிற மாதிரி. வலது பக்க நரம்பும் இப்படித்தான், ஆனால் அது கைக்குப் போகும் இரத்தக்குழாயையே சுற்றிக்கொண்டு சீக்கிரம் திரும்பிவிடும். திரும்பி ஏறும்போது இரண்டுமே மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள இடுக்கில், தைராய்டு சுரப்பியின் முதுகை உரசிக்கொண்டு போகின்றன. நரம்பின் கனம் தடித்த தையல் நூல் அளவுதான். சுரப்பி பெருத்தால் முதலில் நெருக்கடி படுவது இந்த நூல்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

மருத்துவத்துக்கு இது இரண்டாம் நூற்றாண்டிலேயே தெரியும். ரோமில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் கத்துகிற பன்றியின் இந்த நரம்பை வெட்டிக் காட்ட, பன்றி வாயைத் திறந்தபடியே ஊமையானது. கண்டமாலை என்ற கழுத்துக் கட்டியை எடுக்கப்போய் ஒரு சிறுவனின் குரலைப் பறித்துவிட்ட வைத்தியரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். உங்கள் தெருக்காரர்களின் பயத்துக்கு அவ்வளவு வயது.

கேமராவில் டாக்டர் பார்த்தது என்ன என்று சொல்கிறேன். மூக்கில் மரப்பு மருந்து நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துவிட்டு, மெல்லிய குழாயை விடுவார்கள். உள்ளே முத்து வெள்ளையில் இரண்டு நாடா தெரியும். மூச்சை இழுத்தால் உண்டிகோல் கவட்டை மாதிரி விரியும், "ஈ" என்று சொன்னால் நடுவில் வந்து ஒட்டும். உங்கள் அம்மாவுக்கு வலது நாடா வந்துபோகிறது, இடது நாடா ஓரமாக நின்றுவிட்டது. நடுவில் சந்து. பேசும்போது அந்தச் சந்தில் காற்று ஒழுகுகிறது, விழுங்கும்போது தண்ணீர் நழுவுகிறது. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அம்மாவை ஒரே மூச்சில் "ஆ" என்று இழுக்கச் சொல்லிக் கைபேசியில் விநாடியை எண்ணுங்கள். நல்ல குரல் உள்ளவர்கள் 15 விநாடிக்கு மேல் சாதாரணமாக இழுப்பார்கள். நாண் விலகி நின்றால் ஐந்தாறு விநாடியிலேயே மூச்சு தீர்ந்துபோகும். நோயைக் கண்டுபிடிக்க இது போதாது. ஆனால் மாதம் ஒரு முறை எண்ணிக் குறித்து வைத்தால், சிகிச்சைக்குப் பிறகு குரல் தேறுகிறதா என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கல்யாணச் சமையல்காரர் ஒருவர் தைராய்டு அறுவைக்கு வந்தார். கணீரென்ற குரல். அன்றைக்குப் புறநோயாளிக் கூட்டம் அதிகம், குரல்தான் நன்றாக இருக்கிறதே என்று கேமராவைத் தவிர்க்கப் பார்த்தேன். என் பேராசிரியர் விடவில்லை. பார்த்தால் வலது குரல்நாண் அசையாமல் கிடக்கிறது. எத்தனை மாதமாகவோ, இடது நாண் எல்லை தாண்டி வந்து ஒட்டிக் குரலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விட்டிருந்தால், அறுவையில் இடது நரம்பையும் அலட்சியமாகக் கையாண்டிருப்போம். அதனால், தைராய்டு அறுவைக்குப் போகும் எந்த வாசகருக்கும் சொல்கிறேன்: குரல் நன்றாக இருந்தாலும் முன்கூட்டியே குரல்நாணைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி அந்த 14 வருட "நார்மல்". எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் இடம் இது. உங்கள் மேல் இல்லை, "தைராய்டு நார்மல்" என்ற அந்தச் சொல்மேல். இரத்தத்தில் பார்க்கும் டி.எஸ்.எச். பரிசோதனை, சுரப்பி தேவையான அளவு சுரக்கிறதா என்று மட்டும் சொல்லும். கட்டி எப்படிப்பட்ட கட்டி என்று அதற்குத் தெரியாது. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். சரியாகத்தான் இருக்கும். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கூடையைத் தராசில் வைத்தால் எத்தனை கிலோ என்று தெரியும், மீன் கெட்டுப்போனதா என்று தெரியுமா? செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டாமா? இரத்தப் பரிசோதனை தராசு. ஊசிப் பரிசோதனைதான் செவுளைத் தூக்கிப் பார்ப்பது. அவருக்கு உடனே விளங்கிவிடும்.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான் எப்படி யோசிப்பேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். தைராய்டில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். சாதாரணக் கட்டி எவ்வளவு பெருத்தாலும் பொதுவாக நரம்பை ஒதுக்கித் தள்ளிக்கொண்டுதான் வளரும், செயலிழக்க வைப்பது அரிது. அதனால் கட்டியோடு குரல்நாண் செயலிழப்பும் சேர்ந்துவிட்டால், புற்றுநோய் நரம்பைப் பற்றியிருக்கிறதோ என்ற சந்தேகம் எங்களுக்குப் பலமாகவே வரும். அதே நேரத்தில், புற்றுநோய் இல்லாமலும் இது நடக்கும். பெரிய கட்டி நரம்பை வில் நாண் போல இழுத்து நீட்டிவிடலாம். கட்டிக்குள் திடீரென்று இரத்தம் கசிந்து, ஒரே நாளில் வீங்கி நெருக்கலாம். கட்டி கழுத்துக்குழியைத் தாண்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கினால், அங்கே விரிய இடமில்லாமல் எல்லாவற்றையும் நசுக்கலாம். அப்படி அழுத்தம் மட்டுமே காரணமாக இருந்தால், கட்டியை எடுத்த பிறகு சிலருக்கு நாண் மறுபடி அசைந்ததுண்டு. அழுத்தம் புதிதாக இருக்கும்போது எடுத்தால் அந்த வாய்ப்பு கூடுதல். ஆடி முடியும் வரை தள்ள வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புற்றுநோய் என்றே வந்தாலும், அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு மனதில் வரும் படம் இதற்குப் பொருந்தாது. தைராய்டு புற்றுநோயில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை பாப்பில்லரி வகை. மெதுவாக வளரும், சரியாகச் சிகிச்சை செய்தால் பெரும்பாலானவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். நரம்பைப் பிடித்துவிட்டது என்றால் அறிக்கையில் "டி4ஏ" என்று எழுதுவார்கள். அந்த 4-ஐப் பார்த்து நான்காம் நிலை, கடைசி நிலை என்று நினைத்துக் குடும்பமே அழுததைப் பார்த்திருக்கிறேன். அது கட்டி எதுவரை போயிருக்கிறது என்பதற்கான குறி, நோயின் நிலை இல்லை. பயப்பட வேண்டிய வகையும் ஒன்று உண்டு. அனாபிளாஸ்டிக் என்பார்கள். வயதானவர்களுக்கு வரும், பழைய கட்டி வாரக்கணக்கில் கல் மாதிரி பெருக்கும், நாள் பார்க்க நேரம் கொடுக்காது. கடந்த சில வாரத்தில் அம்மாவின் கட்டி கண்ணுக்குத் தெரிந்து வளர்ந்ததா? நீங்கள் எழுதவில்லை. சில மாதத்துக்கு முன் ஏதாவது கல்யாணத்தில் எடுத்த போட்டோ இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளர்ந்திருந்தால் இந்த வாரம் என்று நான் சொன்னதை நாளை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மாமாவின் ஊசி பயத்துக்கு வருவோம். சாதாரணக் கட்டி ஊசி குத்துவதால் புற்றுநோயாக மாறவே மாறாது. ஏற்கெனவே புற்றுநோயாக இருந்தால், ஊசி போன தடத்தில் செல் ஒட்டி வளர்வது என்பது மிக மிக அரிது. இரத்தம் எடுக்கிற ஊசியை விட மெல்லிய ஊசி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சில விநாடி வேலை. இந்தப் பயம் எப்படி வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. முற்றிய பிறகுதான் நம் ஆட்கள் ஊசிக்கு வருகிறார்கள், ஊசியில் புற்றுநோய் என்று தெரிகிறது, சில மாதத்தில் ஆள் போய்விடுகிறார். பார்த்தவர்களுக்கு ஊசிதான் குற்றவாளி. மாமாவைச் சண்டை போட்டு ஜெயிக்க வேண்டாம், பரிசோதனைக்குக் கூடவே அழைத்துப் போங்கள். ஊசியின் அளவைப் பார்த்தாலே பாதி பயம் போகும்.

முடிவு 1 முதல் 6 வரை ஏதோ ஓர் எண்ணோடு வரும். 2 என்றால் சாதாரணம், 6 என்றால் புற்றுநோய், 1 என்றால் போதிய செல் கிடைக்கவில்லை, மறுபடி குத்த வேண்டும். நடுவில் உள்ளவை சந்தேகப் படிகள். ஃபாலிக்குலர் என்ற வகையில் ஊசியால் தீர்ப்புச் சொல்லவே முடியாது, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2 என்று வந்தால் எல்லாரும் நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 5.8 செ.மீ. கட்டி, அதே பக்கத்தில் செயலிழந்த நாண். இதற்கு 2 என்று வந்தாலும் அறுவை தேவைப்படும் என்பதே என் கருத்து.

சி.டி. ஸ்கேன் எழுதும்போது கழுத்தோடு நிறுத்தாமல் நெஞ்சையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இடது நரம்பு நெஞ்சைச் சுற்றி வருகிறது என்றேனே, அந்த வழியில் எங்கே எது அழுத்தினாலும் குரல் இப்படித்தான் போகும். நுரையீரல் கட்டி, காசநோய் நெறிகள், வீங்கிய இரத்தக்குழாய் என்று பட்டியல் உண்டு. கழுத்தில் கட்டி தெரிகிறது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடக் கூடாது. கட்டி நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறதா, மூச்சுக்குழாய் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு கையையும் காதை ஒட்டி மேலே தூக்கி ஒரு நிமிடம் நிற்கச் சொன்னால், நெஞ்சுக்குள் இறங்கிய கட்டி உள்ளவர்களுக்கு முகம் சிவந்து உப்பும், மூச்சு முட்டும். 1946-இல் பெம்பர்டன் என்ற மருத்துவர் எழுதிய பழைய சோதனை. தலையில் கூடை ஏற்றும்போது அம்மாவுக்கு அப்படி ஏதாவது ஆகிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலது கை மரத்துப்போவது அநேகமாக வேறு கதை. கட்டி இடது பக்கம், மரப்பு வலது கை. ராத்திரியில் வருகிறது என்கிறீர்கள். எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம் அதிகமா? அப்படியானால் அது மணிக்கட்டில் ஒரு நரம்பு நெருக்கப்படுவது. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு இது அதிகம் வரும், ஆனால் அம்மாவுக்கு டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது. வருடக்கணக்காக அரிவாள்மணையில் மீன் வெட்டியதும் ஐஸில் கை வைத்ததும் காரணமாக இருக்கலாம். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்க ஒரு பட்டை கட்டினாலே நிறையப் பேருக்குக் குறையும். இதை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது முக்கியம். ஏனென்றால், தைராய்டு எடுத்த பிறகு இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) இறங்கினால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல இருக்கும். அது உடனே கவனிக்க வேண்டிய அறிகுறி. பழைய மரப்புதான் என்று யாரும் விட்டுவிடக் கூடாது. தைராய்டு கட்டி வேறு நரம்புகளையும் தொடுவது உண்டு, ஆனால் அரிது. இடது கண் இமை சற்றுத் தொங்கி, கண்மணி சிறுத்திருந்தால் கழுத்தில் வேறொரு நரம்புச் சரமும் நசுங்குகிறது என்று பொருள். கண்ணாடி முன் அம்மாவை நிறுத்தி இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி தெருவில் சொன்ன அந்த விஷயம். ஆபரேஷனில் குரல் போகுமா? அனுபவமுள்ள கைகளில் நரம்பு நிரந்தரமாகப் பழுதாவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு. சில வாரமோ மாதமோ கம்மி, பிறகு தேறுவது அதைவிட அதிகம். ஆனால் உங்கள் அம்மாவின் கணக்கே வேறு. இடது நரம்பு ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அவருக்கு மிச்சம் இருப்பது வலது நரம்பு ஒன்றுதான். அதுவும் போனால் பேச்சோடு நிற்காது. இரண்டு நாடாவும் நடுவில் வந்து நின்று மூச்சையே அடைக்கும், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டி வரும். அறுவையைத் தவிர்த்தால் வலது நரம்பு பத்திரமாக இருக்கும் என்றும் நினைக்க முடியாது. இடது கட்டி வளர்ந்து நடுக்கோட்டைத் தாண்டினால் மூச்சுக்குழாயும் வலது நரம்பும் அதன் வழியில்தான் இருக்கின்றன. ஆகவே "செய்யலாமா, வேண்டாமா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "யார் செய்வார்கள், வலது நரம்பை எப்படிக் காப்பார்கள்" என்று கேளுங்கள். தைராய்டு அறுவையை அடிக்கடி செய்கிறவராக இருக்க வேண்டும். வருடத்துக்கு எத்தனை செய்வீர்கள் என்று வாய் விட்டே கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூச்சுக்குழாயில் வைக்கும் குழாயிலேயே மின்முனை ஒட்டியிருக்கும். நரம்பை ஒரு மெல்லிய கம்பியால் தொட்டால் குரல்நாண் துடிக்கும், கருவி டொக் டொக் என்று ஒலிக்கும். ஒலி நின்றால் கை நிற்கும். கருவி இல்லாமலும் திறமையாகச் செய்கிறவர்கள் நிறைய உண்டு, ஆனால் ஒரே நரம்பு மிச்சம் உள்ளவருக்கு அது இருப்பது நல்லது என்பேன்.

இடது நரம்பை என்ன செய்வார்கள் என்பது திறந்த பிறகுதான் தெரியும். கட்டி வெறுமனே அழுத்தியிருந்தால் நரம்பைப் பிரித்தெடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். புற்றுநோய் அதைச் சுற்றிப் பின்னிப் பிடித்திருந்தால், ஏற்கெனவே செயலிழந்த நரம்புதான் என்பதால் கட்டியோடு எடுத்துவிட்டு, கழுத்திலுள்ள வேறொரு நரம்பை அந்த முனையில் தைப்பதும் உண்டு. அதனால் நாண் முன்போல அசையாது. ஆனால் தசை சூம்பாமல் உயிரோடு இருக்கும், குரல் கெட்டியாகும்.

அழுத்தம் விலகிய நரம்பு தேற அவசரப்படாது. நரம்பு வளர்வது நாளுக்கு 1 மி.மீ. கணக்குத்தான். ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம் பார்ப்போம். அதுவரை பேச்சுப் பயிற்சி. குரல் ரொம்பவும் பலவீனமாக இருந்தால், அசையாத நாணில் ஊசி மூலம் ஒரு பொருளைச் செலுத்தித் தடிமனாக்கலாம். அது தற்காலிகம். தேறாமலே போனால் நிரந்தர வழி ஒன்று இருக்கிறது. குரல்வளையின் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, ஒரு துண்டைச் செருகி, அசையாத நாணை நடுப்பக்கம் தள்ளி வைப்பது. முழு மயக்கம் கொடுக்காமல், இடத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளியைப் பேசச் சொல்லிக்கொண்டே செய்வோம். புதுச்சேரி–கடலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒருவருக்கு இப்படிச் செய்தபோது என்ன பேசுவது என்று கேட்டார். உங்கள் ஸ்டாப்பிங்கைச் சொல்லுங்கள் என்றேன். அரியாங்குப்பம் காற்றாக வந்தது. துண்டை நகர்த்தினோம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம். இன்னும் ஒரு மி.மீ. உள்ளே. கன்னியகோயில் என்று சொன்னபோது அறைக்கு வெளியே நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தார். அங்கேயே நிறுத்தித் தைத்துவிட்டோம். அம்மாவின் பழைய தெருமுனைக் குரல் அப்படியே வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உரக்கக் கூவும்போது கொஞ்சம் குறையும். வாசலில் நின்று விலை பேசுவதற்கு ஒரு குறையும் இருக்காது.

அதுவரை வீட்டில் கவனிக்க வேண்டியது விழுங்கும் விஷயம். மெல்லிய தண்ணீர்தான் நழுவும், கெட்டியானது அவ்வளவாக நழுவாது. கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், கெட்டி மோர்ச்சோறு நன்றாக இறங்கும். தண்ணீரைச் சிறு சிறு மடக்காக, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு, தலையை இடது பக்கம் லேசாகத் திருப்பிக் குடிக்கச் சொல்லுங்கள். அசையாத பக்கம் திருப்பினால் அந்த வழி குறுகி, தண்ணீர் நல்ல பக்கமாக இறங்கும். அண்ணாந்து சொம்பிலிருந்து ஊற்றிக் குடிப்பது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. காய்ச்சலோடு இருமல் வந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கலாம், காட்டிவிடுங்கள். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரியோ சங்கு ஊதுவது மாதிரியோ சத்தம் கேட்டால், கட்டி திடீரென்று வலியோடு வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், அப்போது மட்டும் எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்த மூன்றுக்கும் கிடையாது.

கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடலோரத்துக்காரர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது: "தினம் மீன் சாப்பிடுறோம், கடல் உப்பு போடுறோம், எங்களுக்கு எப்படி டாக்டர் தைராய்டு?" மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகக் குறைவு. அதனால்தான் 1962-இலேயே கழலை (தைராய்டு வீக்கம்) தடுப்புத் திட்டம் தொடங்கி, 2006-இல் அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதையும் தடுத்தார்கள். ஆனால் கழலைக்கு அயோடின் குறைவு மட்டுமே காரணம் இல்லை. 14 வருடக் கட்டி உப்பை மாற்றுவதால் கரையப்போவதும் இல்லை. யாராவது அயோடின் சொட்டு மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள், இப்படிப்பட்ட கட்டியில் அது சுரப்பைத் தாறுமாறாக்கிவிடலாம்.

எங்கே போவது? முதுநகரிலிருந்து உங்களுக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. வடக்கே கோரிமேட்டில் ஜிப்மர், தெற்கே சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போகும் மருத்துவமனையில் இந்த அறுவைக்கு அது செல்லுமா என்று அட்மிட் ஆகும் முன்பே கேட்டுவிடுங்கள். பழைய ஸ்கேன், 14 வருட இரத்த அறிக்கைகள், மருந்துக் கடை மாத்திரை அட்டை உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவாரா, ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கேமரா பார்த்த டாக்டரிடம் அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பென் டிரைவோடு போனால் கொடுத்துவிடுவார். "இடது நாண் அசையவில்லை" என்று தாளில் படிப்பதற்கும், வலது நாண் எவ்வளவு நன்றாக அசைகிறது என்று அறுவை மருத்துவர் தன் கண்ணால் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஊசி முடிவு வந்ததும் எண்ணை மட்டும் எழுதாமல், அறிக்கையில் உள்ள வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள்.